வீட்டில் இருக்கிறாள்

மாமனாரும் மருமகனுமாக ஊர் ஊராக நடந்துபோய் மரவீடு பார்க்கிறார்கள் என்றால் யாராவது நம்புவார்களா? மாமனார் என்றால் வாசல்வரை வந்து "வாங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒளிந்துகொள்கிறவர். மருமகன் என்றால் கை கழுவின ஈரம் காய்வதற்குள் கடிகாரத்தைப் பார்க்கிறவன். உலகம் முழுக்க நடப்பது இதுதான். ஆனால் இந்த இருவரும் வருஷத்துக்கு ஒரு தடவை, அறுவடை முடிந்து வரப்பெல்லாம் காய்ந்ததும், முதுகில் ஆளுக்கொரு பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மலையடிவாரத்தில் ஒன்றையடுத்து ஒன்றாகச் சில கிராமங்கள். பஸ் போகாத வழி. ஒவ்வொரு ஊரிலும் பழைய மரவீடுகள். தூண், நிலை, சன்னல், கூரையோரத்து இறவாரப் பலகை என்று உளி படாத இடமே இருக்காது.

மாமனார் ஆயுசெல்லாம் பஸ் ஓட்டியவர். உட்கார்ந்தபடியே ஊரைச் சுற்றிய மனுஷருக்கு நடை என்றால் வேப்பங்காய். கிளட்சை மிதித்து மிதித்து இடது முட்டி தேய்ந்துபோயிருந்தது. மருமகனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்காரவைக்கிற வேலை. கைக்கு எட்டும் தூரத்துக்கு அப்பால் இருப்பதை அவன் ஊன்றிப் பார்த்தது கிடையாது. இந்த இரண்டு பேரையும் பிடரியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தவள் ஒருத்தி. அவருக்கு ஒரே மகள்; அவனுக்குப் பெண்டாட்டி. கட்டட வரைபடம் போடுகிற ஆபீஸில் வேலை. நாளெல்லாம் சிமெண்டுப் பெட்டிகளை வரைந்து வரைந்து கண் அவிந்துபோச்சு, மரத்தைப் பார்த்தால்தான் தீரும் என்பாள். "அப்பா தூரத்துல இருந்து முழு வீட்டையும் பார்ப்பாரு. நீங்க கிட்டப் போய் ஒரு பூவைப் பார்ப்பீங்க. ரெண்டு பேரையும் சேர்த்துத் தச்சா உருப்படியா ஒரு மனுஷன் தேறுவான்" என்று கேலி பேசுவாள்.

அவள் இவர்களோடு வந்தது ஒரே ஒரு தடவைதான். அடுத்த வருஷ நடைக்கு நாள் குறித்து, தங்குகிற வீட்டுக்குச் சொல்லியனுப்பி, பையெல்லாம் கட்டிவைத்த பிறகு, ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். மூளைக்குள் ஒரு நரம்பு வெடித்துவிட்டதாம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த வருஷமும் அவர்கள் நடந்தார்கள். பையோடு மாமனார் வாசலில் வந்து நின்றார். "போவோமா மாப்பிள்ளை?" என்று கேட்டார். பாவம், பெண்ணின் ஆசையை நிறைவேற்ற நினைக்கிறார் என்று மருமகனும் செருப்பை மாட்டினான். முதல் ஊரில், முதல் வீட்டில், திண்டாட்டம் வந்துவிட்டது. "எங்கப்பா உன் வீட்டுக்காரி? போன தடவை எங்க கதவையே கட்டிக்கிட்டு நின்னாளே?" என்று ஒரு கிழவர் கேட்டார். செத்துப்போனாள் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஒரு வார்த்தை. மாமனார் பக்கத்திலேயே நிற்கிறார். பெற்றவர் காது கேட்க அதை எப்படிச் சொல்வது? "வீட்ல இருக்கா. வேலை" என்றான். மாமனார் ஒரு நொடி இறவாரத்தையே அண்ணாந்து பார்த்தார். பிறகு, "ஆமாமா, வேலை ஜாஸ்தி" என்று அந்தப் பொய்க்குத் தானும் ஒரு முட்டுக் கொடுத்தார்.

அவ்வளவுதான். அடுத்த ஊரில் அவரே முந்திக்கொண்டு, "மக வீட்ல இருக்கா, அடுத்த வருஷம் வருவா" என்றார். அதற்கு அடுத்த வருஷமும் அதே பாட்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவர்கள் ஒரு சாவையே மறைத்து வைத்தார்கள். ஊரில், தெருவில், ஆபீஸில், எல்லா இடத்திலும் அவள் இறந்தவள். இந்த நாலைந்து கிராமங்களில் மட்டும் அவள் வீட்டில் இருக்கிறாள், வேலை ஜாஸ்தி, அடுத்த வருஷம் வருவாள். அந்த நிம்மதிக்காகத்தான் கிழவர் முட்டிவலியோடு நடக்கிறார் என்று மருமகன் நினைத்தான். ஆகவே ஒவ்வொரு வருஷமும் கடையை மூடிவிட்டு அவரோடு நடந்தான்.

இந்த வருஷம் அவன் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். கடைக்குப் பக்கத்து மருந்துக்கடையில் நிற்கிற பெண்ணும் அவனும் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவாகிவிட்டது. நல்ல பெண். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "உங்க மாமாகிட்ட நீங்களே நேர்ல சொல்லணும். மூணாம் மனுஷங்க வாய்ல இருந்து அவர் காதுக்குப் போகக்கூடாது. நீங்க சொல்லிட்டு வந்தப்புறம்தான் மத்ததெல்லாம்." நியாயம்தானே? ஆனால் சொன்ன பிறகு? அவருக்கு மனைவி போய்ப் பல வருஷம். இப்போது மகளும் இல்லை. பெண் போன பிறகும் மாமா, மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பதே ஒரு நூலிழை. அதையும் அறுத்துவிட்டால், செத்துப்போனவளை அவனளவுக்குத் தெரிந்த ஒரே மனுஷரும் போய்விடுவார். அவருக்கோ, மகள் இரண்டாம் தடவை சாவாள்.

முதல் நாள் சொல்லவில்லை. இரண்டாம் நாளும் மென்று விழுங்கினான். வாயைத் திறந்தால் "தண்ணி குடிக்கிறீங்களா மாமா" என்றுதான் வந்தது. இந்த ஆண்பிள்ளைகளே இப்படித்தான். ஊரையே விலைபேசுவார்கள், ஒரு சொல்லை வெளியே எடுக்கப் பிரசவ வேதனைப்படுவார்கள்.

கடைசி நாள் காலையில் ஒரு பெரிய வீட்டின் முன்னால் நின்றார்கள். கீழே கல்சுவர், மேலே முழுக்க மரம். வெயிலும் மழையும் பட்டு மரம் கறுத்து, கை படுகிற இடமெல்லாம் எண்ணெய் பூசினதுபோல மினுங்கியது. கூரையின் ஓரத்துப் பலகை நெடுக வாத்துகள். ஒன்றன் பின்னால் ஒன்றாக, கழுத்தை நீட்டிக்கொண்டு, எல்லாம் வலப்பக்கம் பார்த்து நடக்கின்றன. அவள் வந்த அந்த ஒரு தடவை இங்கெல்லாம் ஒரு விளையாட்டு வைத்திருந்தாள். எந்த வீட்டிலும் தச்சன் ஓரிடத்தில் கண்ணயர்ந்திருப்பான், அதைக் கண்டுபிடி என்பாள். ஐந்திதழ்ப் பூக்களுக்கு நடுவே ஓர் ஆறிதழ்ப் பூ. கண் வைக்க மறந்த ஒரு கிளி. கண்டுபிடித்தவருக்கு அன்றைக்குப் பை தூக்குகிற வேலை கிடையாது.

மாமனார் தெருவின் எதிர்ப்பக்கம் போய், கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். திடீரென்று முகமெல்லாம் பல்லாக, "இதோ! இங்க தூங்கிட்டான் பாரு!" என்று கத்தினார். கூரை மூலையில் ஒரே ஒரு வாத்து மட்டும் இடப்பக்கம் திரும்பி, பின்னால் வருகிற வாத்தின் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதைச் சொல்லிவிட்டுச் சட்டென்று தன் இடப்பக்கம் திரும்பினார். அங்கே யாருமில்லை. ஒரு கோழி நின்றது.

அவன் அதைப் பார்த்தான். அவன் பார்த்ததை அவரும் பார்த்தார். "வெயில் ஏறுது மாப்பிள்ளை, நடங்க" என்று அவர் முன்னால் போனார். அன்று காலை சொல்லிவிட வேண்டும் என்று எடுத்துவைத்திருந்த வார்த்தையெல்லாம் மருமகனுக்கு வயிற்றுக்குள் போய்விட்டது.

சாயங்காலம் கடைசி ஊரில் வழக்கமாகத் தங்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். இந்த வீட்டில் மற்ற வீடுகள்போலக் கூட்டம் கூட்டமாக உருவங்கள் கிடையாது. மாடியில் ஒரே ஒரு சன்னல். ஆணி அடிக்காமல் துண்டு துண்டாகக் கோத்த மரச்சல்லடை. சட்டத்தின் அடியில் ஒரு சிறு பானை. பானையிலிருந்து கிளம்புகிற கொடி இடப்பக்கமாக ஏறி, மேலே வளைந்து, வலப்பக்கமாக இறங்கி, அதே பானைக்குள் வந்து நுழைந்துகொள்ளும். அவள் வந்த தடவை ஒரு பகல் முழுக்க அந்தச் சன்னலடியில் உட்கார்ந்து வரைந்தாள். வீட்டுக்காரம்மா சமையலைப் போட்டுவிட்டு அவளோடு உட்கார்ந்து கதை பேசினாள். இருவரும் சிரித்த சிரிப்பு தெருமுனைவரை கேட்டது.

வீட்டுக்காரம்மா கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, சுடச்சுடக் குடிக்கவும் கொடுத்துவிட்டு, எட்டி வாசலைப் பார்த்தாள். "இந்த வருஷமும் வரலையா அவ?"

"வீட்ல இருக்கா" என்றார் மாமனார். பழகின வாய்.

"என்னய்யா பொல்லாத வேலை! நான் அவளுக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்." உள்ளே போய் ஒரு துணிமுடிப்பைக் கொண்டுவந்தாள். பிரித்தால், சன்னல்கொடியின் ஒரு துண்டு. இரண்டு இலையும் ஒரு மொட்டும். ஆலங்கட்டி மழையில் உடைந்து விழுந்ததாம். தச்சரை அழைத்துப் புதுத்துண்டு வைத்துவிட்டாள். பழசை அடுப்பில் போட மனசு வரவில்லை. "இந்த மொட்டைத்தானே தடவித் தடவிப் பார்த்தா. அவளுக்கே இருக்கட்டும். ஆனா உங்க கையில சும்மா தர மாட்டேன். அவகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுத்தான். இப்போ எங்க ஊருக்கும் டவர் வந்திருச்சு. போன் போடுங்க தம்பி."

மருமகனின் கை தன்னாலே சட்டைப்பைக்குப் போனது. அவள் எண் இன்னும் போனில் இருந்தது. அழிக்கவில்லை. கூப்பிட்டால் யாரோ முன்பின் தெரியாத ஓர் ஆள் எடுப்பான் என்று அவனுக்குத் தெரியும். ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்திருக்கிறான்.

"இப்போ எடுக்க மாட்டா" என்றார் மாமனார் அவசரமாக. "தூங்குவா."

"விளக்கு வைக்கிற நேரத்துல என்ன தூக்கம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"சேச்சே, உடம்புக்கு என்ன... அது வந்து..." ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் வேண்டும் என்பது சும்மாவா? மனுஷர் கையில் ஒன்பதும் தீர்ந்துவிட்டது. "அவ முழுகாம இருக்கா" என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்காரம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. "அட பாவி மனுஷா! இதையில்ல முதல்ல சொல்லணும்! வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசிட்டு இருக்கீங்க! எத்தனையாவது மாசம்? வாந்தி இருக்கா? அப்போ இந்தக் குச்சி எதுக்கு, இருங்க, எங்க வீட்டுத் தொட்டில் பரண்ல கிடக்கு. நாலு பக்கமும் பூ வச்சது. என் பிள்ளைங்க எல்லாம் அதுலதான் கிடந்துச்சுங்க. எடுத்துட்டுப் போங்க, கழட்டி மாட்டுற மாதிரிதான்." பேசிக்கொண்டே ஏணியை இழுத்துச் சுவரில் சாத்தி ஏற ஆரம்பித்துவிட்டாள்.

மருமகன் மாமனாரைப் பார்த்தான். அவர் பதறுவார், தடுப்பார் என்று நினைத்தான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பரணையே பார்த்துக்கொண்டு, பேரப்பிள்ளை வரப்போகிற தாத்தாவாக, வாய் லேசாகத் திறந்து, சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை மருமகனால் பார்க்க முடியவில்லை. ஐயோ, நாம் இவரை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறோம் என்று நினைத்தான். அவனுக்கும் அவளுக்கும் பிள்ளை இல்லை. அதற்காக அவள் எத்தனை டாக்டர் வீட்டுப் படி ஏறினாள் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

"அம்மா, இறங்குங்க" என்றான்.

"எனக்கு இதெல்லாம் பழக்கம்ப்பா, விழ மாட்டேன்."

"தொட்டில் வேண்டாம்மா. அவ இல்ல. அவ செத்துப்போயிட்டா. நீங்க பார்த்தீங்களே, அதுக்கு அடுத்த வருஷமே போயிட்டா."

இத்தனை வருஷமாக வராத வார்த்தை, வந்தது. வீட்டுக்காரம்மா ஏணியில் நின்றபடியே திரும்பினாள். ஒவ்வொரு படியாக இறங்கினாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"போன வருஷம்கூட அவளைக் கேட்டதா சொல்லுங்கன்னு சொன்னேனே" என்றாள். "சொல்றேன்னு தலையாட்டினீங்களே தம்பி."

அவள் அந்த மரத்துண்டை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அழுகை கேட்டது. அடக்கி அழுகிற அழுகை இல்லை. வாய்விட்டு, பேர் சொல்லி அழுகிற அழுகை. இவர்கள் ஊரில் எல்லோரும் அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, அவரவர் வேலையைப் பார்க்கப் போய் வருஷங்களாகிவிட்டன. இங்கே ஒருத்திக்கு அவள் இன்றைக்குத்தான் செத்தாள்.

மாமனார் எழுந்து வெளியே போனார். முற்றத்தில் விறகுக்கு வெட்டிப்போட்ட ஓர் அடிமரம் கிடந்தது. அதில் உட்கார்ந்து இடது முட்டியைப் பிடித்துக்கொண்டார். மருமகன் பின்னாலேயே போய்ப் பக்கத்தில் நின்றான்.

"ஏன் மாப்பிள்ளை சொன்னீங்க?" அவர் குரலில் கோபம் இருந்தது. "நல்லாத்தானே போயிட்டு இருந்துச்சு."

"நீங்க இன்னும் எவ்வளவு நாள் மாமா இப்படி..."

"நானா?" அவர் தலையைத் தூக்கினார். "எனக்கென்ன வந்தது? பெத்து, தூக்கி, நெருப்புல வச்சவன் நான். என் மக செத்துப்போனது எனக்குத் தெரியாதா? நீங்கதானே அன்னிக்கு அந்தக் கிழவர்கிட்ட வீட்ல இருக்கான்னு சொன்னீங்க. இந்தப் பிள்ளை இன்னும் தாங்குற நிலைமைல இல்லன்னு நினைச்சேன். உங்க வாயை நான் எப்படி மறுப்பேன்? உங்களுக்காகத்தானே நானும் சொல்லிட்டு வந்தேன்."

"நான் உங்களுக்காகச் சொன்னேன் மாமா. நீங்க பக்கத்துல நின்னீங்களேன்னு."

"அப்போ இந்த நடை?"

"நீங்கதானே பையோட வந்து நின்னீங்க."

"நீங்க விட்டத்தைப் பார்த்துக்கிட்டே கிடந்தீங்க. எங்கேயாவது இழுத்துட்டுப் போகலேன்னா நீங்களும் போயிடுவீங்கன்னு பயம். என் முட்டியைப் பார்த்துமா எனக்கு நடக்கணும்னு ஆசைன்னு நினைச்சீங்க?"

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. வெட்கங்கெட்ட சிரிப்பு. உள்ளே ஒருத்தி அழுதுகொண்டிருக்க, வெளியே இரண்டு தடிமாடுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. அப்படியே சிரித்துக்கொண்டிருந்தவர் மேல்துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்குவது நிற்கவே இல்லை. அது எப்போது அழுகையாக மாறியது என்று மருமகனுக்குத் தெரியவில்லை. அவர் அழுது அவன் பார்த்ததில்லை. மயானத்தில்கூட அவர்தான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். இதற்குமேல் தள்ளிப்போட்டால் தான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. "மாமா, இன்னொண்ணும் இருக்கு. நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். கடைக்குப் பக்கத்துல, மருந்துக்கடையில இருக்கிற பொண்ணு. உங்ககிட்ட சொல்லத்தான் இந்த மூணு நாளா..."

துண்டு முகத்தைவிட்டு இறங்கவில்லை. மாட்டுக்கொட்டிலில் மாடு ஒன்று காலை மாற்றி வைத்தது. மேலே சன்னல்கொடியில் புதிதாக வைத்த துண்டு மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று மருமகன் நினைத்தான்.

மாமனார் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். "அந்தப் பொண்ணுக்கு அப்பா இருக்காரா?"

"இருக்காரு மாமா."

"அப்போ இனி அவரு உங்களை மாப்பிள்ளைன்னு கூப்பிடுவாரு."

"நீங்களும் அப்படித்தான் கூப்பிடணும். நான் அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன். நீங்க எனக்கு... நீங்க என்னை விட்டுடாதீங்க மாமா."

"நான் எங்கே போகப் போறேன்? போறதுக்கு எனக்கு வேற வீடு இருக்கா?" அவருக்கு வலித்தது, அதை மறைக்க அவர் முயலவும் இல்லை. "வயித்தெரிச்சலா இருக்கு மாப்பிள்ளை. பொய் சொல்லக்கூடாது. ஆனா நீங்க செய்யிறது தப்பில்ல. ரெண்டும் உண்மைதான்."

வீட்டுக்காரம்மா வாசலில் வந்து நின்று, சாப்பிட வரச்சொன்னாள். தொண்டை கட்டியிருந்தது. அவள் உள்ளே போனதும் மாமனார் மருமகன் தோளில் கையை ஊன்றி மெல்ல எழுந்தார். எழுந்தவர் நடக்கவில்லை.

"அந்தப் பொண்ணு என்னை என்னன்னு கூப்பிடும்?"

அவன் அதை யோசித்ததே இல்லை. "நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படி."

"பெரியவரேன்னு கூப்பிடட்டும். மாமான்னாலும் சரி. டிரைவரேன்னு கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன், பழக்கம்தான்." அவர் கை அவன் தோளை இறுக்கியது. "அப்பான்னு மட்டும் கூப்பிட வேண்டாம்னு சொல்லிடுங்க மாப்பிள்ளை. அப்படிக் கூப்பிட எனக்கு ஒருத்தி இருந்தா."